நாட்றம்பள்ளிப் பக்கத்து மஞ்சள் படிகங்கள்

நான் வேலை பார்த்த கல்லூரியின் கனிம மாதிரிக்கூடத்தை இப்போது ஷாஹின் என்ற பெண் கவனித்துக்கொள்கிறார். பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை நடக்கிறது. போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், அறுநூத்திப் பதினேழாம் நம்பர்ல ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கீங்க. அப்புறம் நீங்களே செவப்பு மையில குறுக்க கோடு போட்டிருக்கீங்க. ஓரத்துல 'அடையாளம் தவறு'ன்னு ரெண்டு வார்த்தை. டப்பாவும் இல்ல. இத இன்னான்னு ஏத்தறது?"

"அத விட்டுடும்மா."

"விட்டா நம்பர் இடிக்குது சார். நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. ஜாஸ்தி வேணாம், நாலு வரி போதும்."

நாலு வரியில் அடங்கவில்லை. துறையின் ஆண்டு மலருக்கும் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. மற்றபடி எதையும் மாற்றவில்லை.

நான் ஆம்பூரில் பிறந்தவன். அப்பா தோல் மண்டியில் தரம் பிரிப்பவராக இருந்தார். குரோம் உப்பில் ஊறி வெளியே வரும் தோல் வெளிறிய நீலமாக இருக்கும். ஆலைக் கால்வாயில் ஓடும் தண்ணீர் பச்சையாக இருக்கும். எங்கள் ஊர்க்காரனுக்குக் குரோம் என்றாலே நீலப் பச்சைதான். பின்னால் நான் செய்த தவறில் இதற்கும் பங்கு உண்டு, அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

சென்னையில் நிலவியல் படித்துவிட்டு, எண்பதுகளின் நடுவில் மாதிரிக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். ஐந்தாறு வருடத்தில் பொறுப்பாளர் ஆனேன். துறைத்தலைவர் ஜெபமணி சார். ஒல்லியான மனிதர். அரைக்கை வெள்ளைச் சட்டை. கழுத்தில் ஷூ லேஸில் கட்டிய ஒரு லென்ஸ் எப்போதும் தொங்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

அவரிடம் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. யாராவது ஒரு கல்லைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால், உடனே தன் கைக்குட்டையை எடுத்து அதன்மேல் போட்டு மூடிவிடுவார். பிறகுதான் கேள்விகள். யார் எடுத்தது, எந்த இடம், எத்தனை அடி ஆழம், சுற்றிலும் என்ன இருந்தது, அடியில் என்ன இருந்தது. கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அங்கேயே இருந்ததா, அங்கே வந்ததா?" அதாவது, அந்தப் பாறையிலேயே விளைந்ததா, அல்லது ஆற்று வெள்ளமோ மனிதனோ கொண்டுவந்து போட்டதா. எல்லாவற்றுக்கும் பதில் வந்த பிறகே கைக்குட்டையை எடுப்பார்.

"எதுக்கு சார் மூடறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கல்லு அழகா இருந்துச்சுன்னா, அதுக்கேத்த மாதிரி இடத்தப் பத்திப் பேச ஆரம்பிச்சுடுவோம் தேவராஜ்" என்றார்.

அழகான கற்களுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. திருப்பத்தூரைத் தாண்டினால் வெர்மிகுலைட் கிடைக்கும். பார்க்க வெறும் பழுப்பு அப்பிரகம், மைக்காதான். கரண்டியில் வைத்துத் தீயில் காட்டினால் புழுவைப் போல நெளிந்து நெளிந்து நீளும். முதலாண்டு மாணவர்கள் கத்திவிடுவார்கள். அதே பக்கத்துப் பாறையில் பைரோகுளோர் என்ற அரிய கனிமமும் உண்டு. கடுகளவு கறுப்புப் படிகம், எட்டு முகம். மூன்று நாள் பாறைத்தூளை அலசி ஏழு மணிகள் எடுத்தோம். ஏழாவது மணி லென்ஸுக்கு அடியில் பளிச்சென்று திரும்பியபோது பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தக் கணத்துக்காகத்தான் வேலைக்கே போனேன் என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் அது அறிஞர்கள் முன்பே எழுதிவைத்த இடம். யாரும் எழுதாத இடம் ஒன்று என் கையால் கிடைக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசை இருந்தது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு கோடை. ஜெபமணி சார் கண் அறுவை சிகிச்சைக்காக இரண்டு மாத விடுப்பில் போயிருந்தார். எங்கள் துறையின் அட்டெண்டர் வகாப் பாய் ஒரு மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"சார், என் தோஸ்த் ஒருத்தன், ஏழுமலைன்னு. ஷூ கம்பெனில வேல. நாட்றம்பள்ளிப் பக்கம் ஒரு ஏக்கர் வெச்சிருக்கான். அவன் கொல்லையில இது மொளைக்குதாம். தங்கமா, கந்தகமா, கேட்டுச் சொல்லுன்னு பத்து நாளா ஒரே பேஜார்."

"மொளைக்குதா?"

"ஆமா சார். சொரண்டி எடுத்தா நாலு நாள்ல திரும்ப வருதாம். கீரைகூட அவ்ளோ சீக்கிரம் வராது."

டப்பாவைத் திறந்தேன். பிறகு வகாப் பாய் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

உள்ளே மஞ்சள் ஊசிகள். எலுமிச்சைத் தோலின் மஞ்சள், ஆனால் உள்ளிருந்து விளக்கு வைத்தது போல. ஒவ்வொன்றும் அரை அங்குலம், சில கொத்துக் கொத்தாகக் கிளைத்திருந்தன. கந்தகத்துக்கு இந்த நிறமும் இல்லை, இந்த ஊசி வடிவமும் இல்லை. ஒரு துணுக்கைத் தண்ணீரில் போட்டேன். கரைந்து தண்ணீர் முழுக்க மஞ்சளாயிற்று. இவ்வளவு எளிதில் கரையும் மஞ்சள் கனிமம் நான் படித்ததில் ஒன்றிரண்டுதான். அவை மழையே பெய்யாத பாலைவனத்தில் மட்டுமே தங்கும். "வண்டில ஏறுங்க பாய்" என்றேன்.

என் ஸ்கூட்டரில் இருவரும் போனோம். நெடுஞ்சாலையிலிருந்து விலகி, ஏரிக்கரையைச் சுற்றி, மண் பாதையில் ஒரு மைல். ஏழுமலை வேலைக்குப் போயிருந்தான். அவன் மனைவி கன்னியம்மா வரப்பைக் காட்டினாள். காய்ந்து வெடித்த நிலம். வெடிப்புகளின் உதட்டில், தென்னை நிழல் விழாத இடமாகப் பார்த்து, மஞ்சள் பூத்திருந்தது. நான் அப்படியே மண்டியிட்டேன். பேனாக்கத்தியால் ஒவ்வொரு கொத்தாக அடியோடு பெயர்த்துப் பஞ்சில் வைத்தேன். ஒரு வெடிப்புக்குள் விரல் நீளத்துக்கு ஒரு படிகம் நின்றது. அதை எடுக்க அரை மணி நேரம் ஆனது. உடையாமல் வந்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"இன்னா பாய், உங்க சார் மஞ்சக் கெழங்கு அறுப்பு அறுக்கறாரு?" என்றாள் கன்னியம்மா.

"அது பெரிய வெலையுள்ள பொருள்மா. கம்முனு இரு."

"அப்போ எங்களுக்கு எவ்ளோ பங்கு?"

"உனக்கு டப்பா. அத நான் திரும்பத் தர்றேன்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தண்ணீர் கொடுக்கச் சொம்பை நீட்டினாள். விரல் முட்டியில் வட்டமாக இரண்டு புண்கள். ஆணியால் துளைத்தது போல ஓரம் தடித்து, நடுவில் பள்ளம். பார்த்தேன். கண்ணில் பட்டது, மனதுக்குள் போகவில்லை.

கிளம்பும்போது அவள் கேட்டாள்.

"சார், நீங்க படிச்சவங்க. எங்க கெணத்துத் தண்ணியப் பாருங்களேன். இந்த வருஷம் லேசா நெறம் மாறிக் கெடக்குது. மாடு மூக்கையே வெக்க மாட்டேங்குது. நான் ரோட்டுக் கொழாய்ல போயி ரெண்டு கொடம் தூக்கிக்கினு வர்றேன். இதக் குடிக்கலாமா, வேணாமா?"

கிணறு வயலின் தாழ்ந்த மூலையில் இருந்தது. வாளியில் தண்ணீர் இறைத்துக் காட்டினாள். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டது போல நிறம். எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மையான பதில். நான் அப்போது வேறு கணக்கில் இருந்தேன். தண்ணீர் கெட்டுப்போனது என்று பேச்சுக் கிளம்பினால் ஊர் கூடும், அதிகாரி வருவார், நிலத்தைக் கிளறுவார்கள், என் படிகங்கள் போய்விடும்.

"கனிமச் சத்துள்ள தண்ணிதாம்மா. ஒண்ணும் பண்ணாது. குடிங்க" என்றேன். "இந்த மஞ்சளப் பத்தி மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. கவர்மென்ட்டுக்குத் தெரிஞ்சா நெலத்த எடுத்துக்குவாங்க."

அவள் முகம் மாறியது. தலையாட்டினாள்.

மறுநாள் ஆய்வகத்தில் சோதனைகளைத் தொடங்கினேன். மஞ்சள் கரைசலில் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டேன். செங்கல் சிவப்பில் படிவு இறங்கியது. குரோமேட்! எங்கள் ஊரின் நீலப் பச்சை குரோமின் வேறொரு வடிவம். நிறம் வேறாக இருந்ததால் தோல் ஆலைகளை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. உப்பு நிலையிலேயே மண்ணில் கிடக்கிற குரோமேட்! புத்தகத்தைப் புரட்டினேன். பொட்டாசியம் குரோமேட் இயற்கையில் கிடைக்கும் இடம் தென்னமெரிக்காவில் ஒரு பாலைவனம், அவ்வளவுதான். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் நாட்றம்பள்ளி என்று ஒரு சொல் சேரப்போகிறது. நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து எழுந்து நடந்தேன். மதியச் சாப்பாட்டை மறந்தேன்.

பொட்டாசியமா, சோடியமா என்று பார்க்கத் தீச்சுடர்ச் சோதனை. சோடியம் இருந்தால் சுடர் மஞ்சளாக எரிந்து மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அந்த மஞ்சள் மறைந்து, பொட்டாசியம் இருந்தால் ஊதா தெரியும். சுடர் பளீரென்று மஞ்சளாக எரிந்தது. நீலக் கண்ணாடியைக் கண்ணில் வைத்தேன். ஒரு கண் சிமிட்டும் நேரம் ஊதா தெரிந்தது போல இருந்தது. அடுத்த நான்கு முறை தெரியவில்லை. பதிவேட்டில் "ஊதாச் சுடர், தெளிவு" என்று எழுதினேன். "அங்கேயே இருந்தது" என்றும் எழுதினேன். அரைச் சாணுக்குக் கீழே நான் தோண்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். சில்வர் நைட்ரேட் புட்டி இருந்த அதே அலமாரியில், இரண்டு தட்டு கீழே, பொட்டாசியம் குரோமேட் புட்டி இருந்தது. சிவப்பு மண்டையோடு ஒட்டிய புட்டி. அதைத் தொட்டால் கை கழுவ வேண்டும் என்று மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொன்னவன் நான். கன்னியம்மாவிடம் குடிக்கச் சொன்ன அன்று எனக்குத் தெரியாது. மறுநாள் மதியத்திலிருந்து தெரியும். கிணறு தள்ளி இருக்கிறது, ஆழமாக இருக்கிறது, அவ்வளவு தூரம் இறங்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சார் வந்து பார்க்கட்டும், பிறகு எச்சரிக்கலாம் என்று தள்ளிவைத்தேன்.

எட்டு வாரம் தள்ளிவைத்தேன். அந்த எட்டு வாரத்தில் மூன்று முறை அந்த வயலுக்குப் போனேன், ஒவ்வொரு முறையும் முன்னைவிட நல்ல படிகங்களுக்காக. கோடை மழை மிரட்டிய ஒரு நாள், படிகம் கரைந்துவிடும் என்று தார்ப்பாய் வாங்கிக்கொண்டு போய் வெடிப்புகளை மூடினேன். ஏழுமலை கூட நின்று நான்கு மூலைக்கும் கல் வைத்தான். "இன்னா சார், கொழந்தையத் தூங்க வெக்கிற மாதிரி மூடறீங்க" என்றான். அப்போதும் கன்னியம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜெபமணி சார் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்த முதல் நாள், அந்த விரல் நீளப் படிகத்தை அவர் மேசையில் வைத்தேன். கைக்குட்டை விழுந்தது.

"யார் எடுத்தது?"

"நான் சார்."

"எத்தனை அடி?"

"மேலதான் சார். அரைச் சாண்."

"அதுக்கு அடியில?"

"தோண்டிப் பாக்கல சார்."

"சுத்தி இருக்கற பாறை?"

"பாறை இல்ல சார். வயல் மண்ணு."

"அங்கேயே இருந்ததா, அங்கே வந்ததா?"

"அங்கேயே சார்" என்றேன். குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

கைக்குட்டையை எடுத்தார். லென்ஸை எடுக்கவில்லை. சற்று நேரம் வெறும் கண்ணால் பார்த்தார். "அழகா இருக்கு" என்றார். பிறகு எழுந்து, "வா, போலாம்" என்றார்.

வயலில் அவர் படிகங்களைப் பார்க்கவே இல்லை. கன்னியம்மா வெளியே வந்ததும் அவள் கைகளைப் பார்த்தார். "கைய நீட்டுங்கம்மா" என்றார். இப்போது ஐந்தாறு புண்கள். பாதத்திலும் இருந்தன. எட்டு வாரத்தில் அவள் முகம் இளைத்திருந்தது.

"எவ்ளோ நாளா இது?"

"ஒரு வருஷமா வந்து வந்து போவுது சார். இப்போ ரெண்டு மாசமா வயித்தெரிச்சலும் கூடச் சேந்துக்கினுச்சு. சோறு எறங்க மாட்டேங்குது."

சார் ஏழுமலை பக்கம் திரும்பினார். "இந்த வயல மேடு பண்ணீங்களா?"

"ஆமா சார்" என்றான் ஏழுமலை, ஒளிவுமறைவு இல்லாமல். "முந்தி பள்ளம். மழ பேஞ்சா ஏரி மாதிரி நிக்கும். அஞ்சு வருஷம் முன்னாடி, அப்பால ரோட்டோரம் தோல் கம்பெனிங்களுக்கு உப்புப் பண்ணிக் குடுத்த ஒரு ஷெட்டு மூடிட்டாங்க. கரி மாதிரி மண்ணு, சும்மா எடுத்துக்கினு போங்கன்னாங்க. முப்பது டிராக்டர் கொட்னேன்."

இதற்கு முன் நான்கு முறை வந்தவன் நான். ஒருமுறைகூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நிலத்தின் கதையைக் கேட்பது நிலவியல் மாணவனின் முதல் பாடம்.

சார் மண்வெட்டியை வாங்கி என்னிடம் கொடுத்தார். வெட்டினேன். ஓர் அடிக்குக் கறுத்த கசடு. அதற்குக் கீழே, கத்தியால் கோடு இழுத்தது போல, எங்கள் பக்கத்துச் செம்மண். அந்தக் கோட்டுக்கு மேலே மட்டும்தான் மஞ்சள். தோல் பதனிடும் குரோம் உப்பைக் காய்ச்சி எடுத்த பிறகு மிஞ்சும் கசடு அது. உள்ளே தங்கிய குரோமேட்டைக் கோடை வெயில் மேலே இழுத்துப் படிகமாக்கியிருந்தது. மழை அதைக் கீழே, கிணற்றுக்கு இறக்கியிருந்தது.

"எந்தத் தண்ணி குடிக்கறீங்கம்மா?" என்று கேட்டார் சார்.

"கெணத்துத் தண்ணிதான் சார். முந்தி கொழாய்க்குப் போயிக்கினு இருந்தேன். இந்த சார்தான் ஒண்ணும் பண்ணாது, குடிங்கன்னாரு. அதான் கொழாய்க்குப் போறத நிறுத்திட்டேன்."

என்னைக் காட்டி, நல்லது சொன்னவரை அறிமுகம் செய்யும் குரலில் சொன்னாள். ஜெபமணி சார் என் பக்கம் திரும்பவில்லை. "இன்னியிலேர்ந்து ஒரு சொட்டு தொடாதீங்க. பாத்திரம் கழுவக்கூட வேணாம்" என்றார். கல்லூரிக்குத் திரும்பினோம். ஆட்சியர் அலுவலகத்துக்கு அன்றே ஒரு கடிதம் எழுதினார். அதில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ஏழுமலையின் பெயரைப் போட்டார். பதிவேட்டில் கோடு போட்டு, காரணம் எழுதச் சொன்னார். நான் "அடையாளம் தவறு" என்று எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். வேறு எதுவும் எழுதச் சொல்லவில்லை. படிகங்களைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு மூடி, வேதியியல் துறையின் நச்சுப் பொருள் அலமாரிக்கு அனுப்பினார்.

கன்னியம்மா பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றில் புண் என்றார்கள். சிறுநீரகமும் சரியாக இல்லை என்றார்கள். தண்ணீரால்தானா என்று கேட்டேன். ஐந்து வருடமாக அந்த மண்ணில் வெறும் காலோடு நடந்தவள், எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தப் பதிலில் அன்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்கும் சேர்த்தே இன்று வெட்கப்படுகிறேன். கசடை அள்ளிப்போக இரண்டு வருடம் ஆனது. அந்த வயலில் பிறகு யாரும் நெல் வைக்கவில்லை.

அவள் வீடு திரும்பிய பிறகு தனியாகப் போனேன். பழங்கள் வாங்கிக்கொண்டு போனது நினைவிருக்கிறது. அவள் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாக இரண்டு காலிக் குடங்களோடு வெளியே வந்துகொண்டிருந்தாள். புண்கள் ஆறி, முட்டியில் வெள்ளைத் தழும்புகள். வழியில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அது விஷம் என்று மறுநாளே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். கல் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கேட்டுக்கொண்டே நின்றாள். இடுப்புக் குடத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"மொத நாளு தெரியாது சார், சரி. தெரியாதுன்னே சொல்லியிருக்கலாமே. நான் பாட்டுக்குக் கொழாய்க்கே போயிக்கினு இருந்திருப்பேன். இன்னா, ரெண்டு கொடம்தானே."

சொல்லிவிட்டு ஏரிக்கரைப் பாதையில் நடந்தாள். ரோட்டுக் குழாய் அங்கிருந்து அரை மைல்.